கருவிகளின் கதை – 11: கேடிஇ மனம் மாற்றிய குளிர்காலம்

2005 ஆகஸ்ட் இறுதி. ஸ்பெயினின் தென்கரையில் உள்ள மாலகா நகரின் பல்கலைக்கழகத்தில் கேடிஇ திட்டத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பல நாடுகளிலிருந்து வந்திருந்த தன்னார்வ நிரலாளர்கள், அடுத்து வரவிருக்கும் கேடிஇ 4 எப்படி அமைய வேண்டும் என்று பேசினார்கள். திரையில் தெரியப்போகும் புதுமைகளுக்கு நடுவே, பயனர் கண்ணில் ஒருநாளும் படாத ஒரு விஷயத்திலும் முடிவு எடுத்தார்கள். மூல நிரலைக் கம்பைல் செய்ய இத்தனை காலமாகப் பயன்படுத்திவந்த ஆட்டோடூல்ஸைக் கைவிட்டு, அதன் இடத்தில் எஸ்கான்ஸ் என்ற கருவியை வைப்பது என்பதே அந்த முடிவு.

அடுத்த கோடை வருவதற்குள் அது மாறிவிட்டது. கேடிஇ 4-இன் அடிப்படை நிரலகங்கள் எஸ்கான்ஸில் நிலைகொள்ளவே இல்லை. 2006-இன் முதல் சில மாதங்களில் அவை சிமேக் என்ற வேறொரு கருவிக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய கூட்டத்தில் எடுத்த முடிவை, வீட்டிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து சிலர் செய்த சில வார உழைப்பு புரட்டிப்போட்டது.

திறமூல உலகின் பெரிய திருப்பங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். இன்று சி++ எழுதுகிற யாரைக் கேட்டாலும் சிமேக்கைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்றால், அதற்கு அந்தக் குளிர்காலம் ஒரு முக்கியமான காரணம். எந்தக் கருவியின் மொழி நேர்த்தியானது என்று மட்டும் பார்த்திருந்தால் எஸ்கான்ஸ்தான் வென்றிருக்கும். ஆனால் வேறு இரண்டு கேள்விகள் முன்னுக்கு வந்தன. இந்தக் கோப்பை நம் திட்டத்தில் எத்தனை பேரால் வாசித்துத் திருத்த முடியும்? இதில் பழுது என்று எழுதினால் மறுமுனையில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மேக், ஆட்டோடூல்ஸ் இரண்டையும் முந்தைய அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்தோம். இந்தக் கதைக்குத் தேவையான அளவு மட்டும் இங்கே திரும்பச் சொல்கிறேன். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய மேக், எந்தக் கோப்பு மாறியிருக்கிறது, அதனால் எதையெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்று கணக்கிட்டது. ஒரே கணினியில், ஒரே யூனிக்ஸில் அது போதுமானதாக இருந்தது. எண்பதுகளில் யூனிக்ஸ் பல நிறுவனங்களின் கைக்குப் போய், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளர்ந்தது. ஒன்றில் இருக்கும் செயற்கூறு இன்னொன்றில் இருக்காது. இருந்தாலும் வேறொரு ஹெடர் கோப்பில் இருக்கும்.

இந்தத் தொல்லைக்கு விடையாக, 1991 கோடையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பணிக்காக டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃபை எழுதினார். அது உண்டாக்கும் கன்ஃபிகர் நிரல், கணினியின் பெயரைக் கேட்டு எதையும் ஊகிப்பதில்லை. சின்னஞ்சிறு சி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் அந்த வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. பட்டியலை நம்பாமல் சோதித்துப் பார் என்ற இந்த எண்ணம் மிகச் சிறந்தது. பின்னால் வந்த எல்லாக் கருவிகளும் இதை ஏற்றுக்கொண்டன. ஆட்டோகான்ஃபுக்குத் துணையாக 1994-இல் ஆட்டோமேக் வந்தது, 1996-இல் கார்டன் மாட்சிக்கைட்டின் லிப்டூல் வந்தது. மூன்றும் சேர்ந்ததே ஆட்டோடூல்ஸ்.

விலையும் இருந்தது. மேக் கோப்பின் மொழி, ஷெல், எம்4 என்ற மேக்ரோ மொழி, ஆட்டோமேக் எழுதப்பட்ட பெர்ல் என்று நான்கு மொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. எம்4-இல் எழுதிய சில வரிகள் விரிந்து, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஷெல் நிரலாகும். பிழை அந்த விரிந்த நிரலில் தெரியும்; காரணம் எங்கோ மேலே மேக்ரோவில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

மத்தியாஸ் எட்ரிச் என்ற ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் 1996 அக்டோபர் 14 அன்று விடுத்த அழைப்பிலிருந்து கேடிஇ பிறந்தது. யூனிக்ஸ் கணினிகளுக்கு எல்லோரும் பயன்படுத்தக்கூடிய முழுமையான மேசைத்தளம் ஒன்றை, நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் எழுதிய கியூட் நிரலகத்தின் மேல் சி++ மொழியில் உருவாக்குவது அவருடைய திட்டம். அப்போது கையில் கிடைத்தவற்றில் ஆட்டோடூல்ஸ்தான் சரியான தேர்வு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேடிஇயின் தேவை தொடக்கத்திலிருந்தே ஆட்டோடூல்ஸின் கணக்குக்கு வெளியே இருந்தது.

கியூட்டில் சிக்னல், ஸ்லாட் என்றொரு ஏற்பாடு உண்டு. பொத்தானை அழுத்தினால் எந்தச் செயற்கூறு ஓட வேண்டும் என்று இணைக்கிற வசதி அது. சி++ மொழியில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே மாக் என்ற சிறு நிரல் ஹெடர் கோப்புகளை முதலில் வாசித்து, கூடுதலாக ஒரு சி++ கோப்பை உண்டாக்கும். அதையும் சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும். சாளர வடிவமைப்புக் கோப்புகளுக்கு யுஐசி என்று இன்னொரு நிரல். நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு, அமைப்புக் கோப்புகளுக்கு என்று கேடிஇ தானே வைத்திருந்த நிரல்கள் வேறு. ஆட்டோமேக்குக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. எனவே ஆட்டோமேக் எழுதி முடித்த கோப்புகளை மறுபடி திறந்து, மாக்குக்கான விதிகளை நுழைக்கும் ஒரு பெர்ல் நிரலை கேடிஇ எழுதிக்கொண்டது. இவையெல்லாம் 'அட்மின்' என்ற ஒரு கோப்புறைக்குள் போயின. கேடிஇயின் ஒவ்வொரு தொகுதியும் அந்தக் கோப்புறையைத் தன்னுடன் தூக்கிக்கொண்டு திரிந்தது.

லிப்டூல் இன்னொரு பாரம். அது ஒரு ஷெல் நிரல். ஒவ்வொரு கோப்பைக் கம்பைல் செய்யும்போதும் நடுவில் நின்று கம்பைலரைக் கூப்பிடும். அன்றைய கணினிகளில் கேடிஇ முழுவதையும் கம்பைல் செய்வது ஒரு நாள் வேலை. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஷெல் நிரலின் தாமதம் சேர்ந்தால் எவ்வளவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெஃபான் கூலோ என்ற ஜெர்மானிய நிரலாளர்தான் பல ஆண்டுகள் இந்த அமைப்பைத் தோளில் சுமந்தார். கடைசியில் ஆட்டோமேக்கின் இடத்தை நிரப்ப 'உன்சர்மேக்' என்ற கருவியை அவரே பைத்தானில் எழுதினார். நான்கு மொழிகள் ஐந்தாயின.

கேடிஇக்காக நிரல் எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர். அட்மின் கோப்புறைக்குள் நம்பிக்கையோடு கைவைக்கக்கூடியவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள், ஓடுகிற வேறொரு தொகுதியிலிருந்து கோப்பை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். புதிதாக ஒரு நிரலகத்தைத் தேடும் சோதனை எழுத வேண்டுமென்றால் அந்த ஒரு சிலரில் ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டும். தன்னார்வத்தால் ஓடுகிற ஒரு திட்டத்தில் இதைவிட ஆபத்தான நெரிசல் எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து ஆள் வைக்க முடியாத இடத்தில், ஒருவர் சோர்ந்து விலகினால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

யாரும் வாசிக்காத கட்டமைப்புக் கோப்பு என்ன செய்யும் என்பதை உலகம் வெகுகாலம் கழித்து, 2024 மார்ச்சில் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலகத்தின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்கதவு ஒளிந்திருந்தது. அதைத் திறக்கும் வரிகள் பொதுவில் இருந்த மூல நிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் சேர்க்கப்பட்ட ஒரு எம்4 கோப்பில் இருந்தன. அப்படிப்பட்ட கோப்பைத் திறந்து வாசிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை என்பதுதான் அதை வைத்தவரின் நம்பிக்கை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் அது அகப்பட்டது. இன்னொரு செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே திட்டத்தின் சிமேக் கோப்பிலும் நாசவேலை நடந்திருந்தது. ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை நுழைத்து, அந்தச் சோதனை எப்போதும் தோற்கும்படி செய்திருந்தார்கள். வாசிக்க எளிதான கோப்பாக இருந்தாலும் வாசிக்க ஆள் வேண்டும்.

2005-க்குத் திரும்புவோம். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் ட்ரோல்டெக் கியூட் 4-ஐ வெளியிட்டது. அதுவரை கியூட்டின் விண்டோஸ் பதிப்பு ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைத்ததில்லை. 4-ஆம் பதிப்பில் முதன்முறையாகக் கிடைத்தது. கேடிஇ நிரல்களை விண்டோஸிலும் மேக் கணினிகளிலும் ஓடவைக்கலாம் என்ற வாசல் இதனால் திறந்தது. ஆட்டோடூல்ஸோ யூனிக்ஸின் குழந்தை. ஷெல், எம்4, பெர்ல் எதுவும் விண்டோஸில் இயல்பாக இல்லை. சிக்வின் போன்ற ஒரு யூனிக்ஸ் சூழலை முதலில் நிறுவ வேண்டும். விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோவைத் திறந்து வேலை செய்து பழகியவரிடம் போய் அதைச் சொன்னால் அவர் பங்களிக்க வரமாட்டார். உள்ளே ஆள் பற்றாக்குறை, வெளியே புதிய தளங்களின் அழைப்பு. மாலகாவுக்கு வந்தவர்களிடம் இந்த இரண்டு காரணங்களும் இருந்தன.

எஸ்கான்ஸைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது. மென்பொருள் தச்சு என்ற பெயரில் 2000-இல் ஒரு வடிவமைப்புப் போட்டி நடந்தது; விஞ்ஞானிகளுக்கு நல்ல நிரலாக்கக் கருவிகள் வேண்டும் என்பது அதன் நோக்கம். மேக்கின் இடத்தை நிரப்பும் கருவிக்கான பிரிவில் ஸ்டீவன் நைட்டின் வடிவமைப்பு வென்றது. அதிலிருந்து வளர்ந்ததே எஸ்கான்ஸ். பில்ட் கோப்புகள் முழுக்க முழுக்க பைத்தான் நிரல்கள். நான்கைந்து மொழிகளோடு மல்லாடியவர்களுக்கு, ஏற்கெனவே தெரிந்த ஒரே ஒரு நல்ல மொழி என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! கோப்பின் நேரமுத்திரையை நம்பாமல் உள்ளடக்கத்தின் சுருக்கக் குறியீட்டை ஒப்பிட்டு, எது மாறியது என்று அது கண்டுபிடித்தது. கேடிஇக்குத் தேவையான மாக் முதலிய வேலைகளை எஸ்கான்ஸின் மேல் சேர்த்து, தாமஸ் நாகி 'பிகேசிஸ்' என்ற அமைப்பையும் உருவாக்கியிருந்தார். சிறு நிரல்களில் அது நன்றாகவே ஓடியது.

கேடிஇயின் அடிப்படை நிரலகத் தொகுதியோ சிறியதில்லை. இலையுதிர் காலத்தில் அதை மாற்றத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகச் சிக்கல்கள் வந்தன. ஆட்டோகான்ஃப் செய்துவந்த அத்தனை சோதனைகளுக்கும் ஈடான ஏற்பாடு எஸ்கான்ஸில் போதுமான அளவு இல்லை. லினக்ஸுக்கு வெளியே, குறிப்பாக மேக் கணினிகளில், பல இடங்களில் தடுமாறியது. இடைவெளிகளை பிகேசிஸில் நிரப்ப நிரப்ப, கேடிஇ கையில் இருந்தது எஸ்கான்ஸின் தனிப்பட்ட ஒரு பிரதியாக மாறிக்கொண்டே போனது. கேடிஇக்கு வேண்டிய பெரிய மாற்றங்களை எஸ்கான்ஸின் மூலத்திலேயே சேர்ப்பதற்கான வழியும் தெரியவில்லை. எஸ்கான்ஸ் குழுவைக் குறைசொல்வது சரியாகாது. அவர்களுக்கு வேறு பயனர்கள் இருந்தார்கள், அந்தப் பயனர்களின் பில்ட் உடையாமல் காக்க வேண்டிய கடமை இருந்தது. ஆனால் கேடிஇயின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை பழையபடியே வந்து நின்றது. ஒரு சிலருக்கு மட்டுமே புரிகிற, தானே பராமரிக்க வேண்டிய ஒரு கருவியை விட்டு, அதே மாதிரி இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சிமேக் வேறொரு உலகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் தொண்ணூறுகளில் 'காணக்கூடிய மனிதர்' என்ற திட்டத்தை நடத்தியது. இறந்த ஓர் ஆணின் உடலையும் ஒரு பெண்ணின் உடலையும் உறையவைத்து, மெல்லிய அடுக்குகளாகச் சீவி, ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்தார்கள். ஆணின் உடல் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 அடுக்குகள்; பெண்ணின் உடல் அதில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் 5,189 அடுக்குகள். முதல் தொகுப்பு 1994-இலும் இரண்டாவது 1995-இலும் வெளியாயின. அத்தனை படங்களிலிருந்து எலும்பு எது, ஈரல் எது என்று கணினியே பிரித்தறிய ஒரு நிரலகம் தேவைப்பட்டது. 1999-இல் அதற்கான பணி தொடங்கியது. ஐடிகே என்று அதற்குப் பெயர். மூன்று நிறுவனங்களும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அதை எழுதின. ஒருவர் சன் கணினியில், ஒருவர் லினக்ஸில், ஒருவர் விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோவில். எல்லோரும் ஒரே மூல நிரலைப் பகிர வேண்டும். யாரையும் அவரவர் கருவியை விட்டு வெளியே வா என்று சொல்ல முடியாது.

நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் பார்க்கில் இருந்த கிட்வேர் என்ற சிறு நிறுவனத்தின் கையில் பில்ட் பணி வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் விடிகே என்ற முப்பரிமாண வரைகலை நிரலகத்தை எழுதியவர்கள் 1998-இல் தொடங்கிய நிறுவனம் அது. விடிகேக்காக கென் மார்ட்டின் முதலானோர் முன்பே ஒரு சிறு கருவி வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்தோடு, ஆட்டோகான்ஃபின் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்து, பில் ஹாஃப்மனும் தோழர்களும் 2000-இல் சிமேக்கை எழுதத் தொடங்கினார்கள்.

ஒரு கட்டுப்பாட்டை அவர்கள் விடாப்பிடியாக வைத்துக்கொண்டார்கள்: சிமேக்குக்கு சி++ கம்பைலரைத் தவிர வேறெதுவும் தேவைப்படக் கூடாது. பெர்ல், பைத்தான், ஷெல் எதுவும் வேண்டாம். சி++ நிரல் எழுதுகிறவரிடம் சி++ கம்பைலர் எப்படியும் இருக்கும் அல்லவா? இன்னொன்று, சிமேக் தானே கம்பைல் செய்யாது. யூனிக்ஸில் மேக் கோப்புகளையும், விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோ கோப்புகளையும், மேக் கணினிகளில் எக்ஸ்கோடு கோப்புகளையும் எழுதிக்கொடுத்து ஒதுங்கிவிடும். அவரவர் பழகிய கருவியில் அவரவர் வேலை செய்யலாம். கேடிஇக்கு என்று யாரும் திட்டமிடாமலே, மாலகாவில் பேசிய தேவைகளில் பாதி இங்கே நிறைவேறியிருந்தது. மருத்துவப் படங்களுக்கு ஒதுக்கிய அரசுப் பணம் இப்படி ஒரு பக்கப் பலனைத் தந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இரண்டு உலகங்களையும் இணைத்தவர் அலெக்சாண்டர் நொய்ன்டார்ஃப். ஜெர்மனியைச் சேர்ந்த கேடிஇ நிரலாளர், சிமேக்கையும் அறிந்தவர். கேடிஇயின் நிரலாக்கச் சூழலான கேடெவலப்புக்கு ஏற்ற கோப்புகளை சிமேக் உண்டாக்கும்படி அவர் ஏற்கெனவே எழுதிச் சேர்த்திருந்தார். எஸ்கான்ஸ் முயற்சி தள்ளாடியபோது கேடிஇயின் அடிப்படைத் தொகுதியை சிமேக்கில் கட்டிப் பார்க்கத் தொடங்கினார். 2006 தொடக்கத்தில் கிட்வேரிலிருந்து பில் ஹாஃப்மன் தாமே கேடிஇயின் பில்ட் குறித்த உரையாடலில் வந்து சேர்ந்தார். என்ன குறை, என்ன வேண்டும் என்று கேட்டார், பழுதுகளைச் சரிசெய்தார், கேடிஇக்குத் தேவையானதை அவரும் தோழர்களும் சிமேக்கின் மூலத்திலேயே சேர்த்தார்கள். மூல நிரலை அறிந்தவரே எதிர்முனையில் இருந்தார். பத்தாண்டு ஆட்டோடூல்ஸ் வாழ்க்கையில் கேடிஇக்குக் கிடைக்காத அனுபவம் இது. என் கணிப்பில் முடிவு அங்கேதான் விழுந்தது. சில வாரங்களில் அடிப்படைத் தொகுதி சிமேக்கில் லினக்ஸில் கட்டப்பட்டு ஓடியது. மற்றத் தளங்களும் பின்தொடர்ந்தன.

கேட்டது, கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். லினக்ஸில் ஒரு நிரலுக்குள் அதற்கு வேண்டிய நிரலகங்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்று ஒரு பாதையைப் பதித்துவைக்கலாம். கம்பைல் செய்த இடத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்க ஒரு பாதை வேண்டும். நிறுவிய பிறகு வேறொரு பாதை வேண்டும். நாள் முழுக்கக் கம்பைல் செய்து சோதிக்கும் கேடிஇக்காரர்களுக்கு இது உயிர்நாடி. 2006-இல் வந்த சிமேக் 2.4, நிறுவும்போது நிரலை மறுபடி இணைத்து இதைச் சமாளித்தது. 2008-இன் 2.6, மறுஇணைப்பு இல்லாமல் நிரல் கோப்புக்குள் இருக்கும் பாதையை மட்டும் மாற்றி எழுதக் கற்றுக்கொண்டது. மாக்கைத் தானாகவே ஓட்டும் ஏற்பாடும் இப்படித்தான். கேடிஇ முதலில் தனிக் கருவியாக எழுதியது. 2011-இன் சிமேக் 2.8.6-இல் அது சிமேக்குக்குள்ளேயே இடம்பிடித்தது. பெர்ல் நிரல் எழுதி ஆட்டோமேக்கின் கோப்பைத் திறந்து நுழைத்த காலம் நினைவிருக்கிறது அல்லவா? இப்போது ஒரு வரி போதும்.

அடிப்படைத் தொகுதி ஓடியதும் மற்றத் தொகுதிகள் வரிசையில் நின்றன. பழைய ஆட்டோமேக் கோப்புகளை வாசித்து சிமேக் கோப்பாக மாற்றித் தரும் ஒரு நிரலை நொய்ன்டார்ஃப் ரூபியில் எழுதினார். அது பெரும்பகுதியைச் செய்யும், மிச்சத்தை மனிதர் திருத்த வேண்டும். அந்த மிச்சத்தைக் கோப்புறை கோப்புறையாகத் திருத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பிரெஞ்சு நிரலாளர் லோரான் மோந்தெல். சலிப்பான வேலை, பெயர் வாங்கித் தராத வேலை. அதை அவர் செய்தார் என்பதாலேயே மற்றவர்கள் காலையில் எழுந்து புதிய கருவியில் வேலையைத் தொடர முடிந்தது. வரலாற்றுப் புத்தகங்களில் கருவி எழுதியவர்களுக்கு இடம் கிடைக்கிறது. கோப்புகளை மாற்றி எழுதியவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தி.

சிமேக் மொழியைப் புகழ என்னால் முடியாது. அதில் எல்லாமே சரம். பட்டியல் என்பது அரைப்புள்ளியால் பிரிந்த சரம். மாறியின் பெயரைத் தவறாக அடித்தால் பிழை என்று சொல்லாமல் வெற்றுச் சரமாக எடுத்துக்கொண்டு போய்விடும். அன்றைய பதிப்புகளில், ஒரு நிபந்தனையைத் தொடங்கினால் முடிக்கும் வரியிலும் அதே நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் திரும்ப எழுத வேண்டும். ஆவணங்களும் போதவில்லை; விரிவான விளக்கம் கிட்வேர் விற்ற புத்தகத்தில் இருந்தது. பைத்தானின் அழகைப் பார்த்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளித்ததில் தவறில்லை. ஆனால் ஒரு நிரலின் சிமேக் கோப்பைத் திறந்தால், இந்தக் கோப்புகளைச் சேர்த்து இந்த நிரல், அதற்கு இந்த நிரலகங்கள் என்று ஐந்தாறு வரிகளில் தெரிந்துவிடும். அதுவரை கட்டமைப்புக் கோப்பைத் தொடவே பயந்தவர்கள் தொட்டார்கள், தொட்டதைப் புரிந்துகொண்டார்கள். முழு வல்லமை உள்ள மொழி கையில் இருந்தால் ஒவ்வொருவரும் தன் பில்ட் கோப்பையே தனி மென்பொருளாக வளர்த்துவிடுவார்கள் என்ற வாதமும் அப்போது எழுந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு என்று நினைக்கிறேன். பிகேசிஸ் வளர்ந்த விதமே அதற்குச் சாட்சி.

தாமஸ் நாகியின் உழைப்பும் வீண்போகவில்லை. எஸ்கான்ஸிலிருந்து பிரிந்து, வேகத்தில் கவனம் வைத்து அவர் வாஃப் என்ற கருவியை எழுதினார். விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா திட்டம் பின்னால் வாஃபுக்கு மாறியது.

2008 ஜனவரி 11 அன்று கேடிஇ 4.0 வெளியானது. மேசைத்தளமாக அதற்குக் கிடைத்த வரவேற்பு கலவையானது. அந்தக் கதை வேறு. பில்ட் அமைப்பைப் பொறுத்தவரை, அத்தனை பெரிய திறமூலத் தொகுப்பு ஒன்றை சிமேக் தாங்கும் என்பது ஊரறியத் தெரிந்தது. அதுவரை மருத்துவப் பட ஆய்வகங்களில் அறியப்பட்ட ஒரு கருவி லினக்ஸ் வழங்கல்கள் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்தது, ஏனென்றால் கேடிஇயைக் கட்ட அது இல்லாமல் முடியாது. அதன் பிறகு மற்றத் திட்டங்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதில் பயம் குறைந்தது. மைசீக்வெல் தன் 5.5 பதிப்பில் மாறியது. எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் பழையது, புதியது இரண்டையும் சில காலம் வைத்திருந்து, 2016-இல் ஆட்டோடூல்ஸை நீக்கியது. விண்டோஸ், மேக் கணினிகள் பற்றிய கனவும் பொய்க்கவில்லை. இன்று விண்டோஸில் கிருதாவைத் திறந்து படம் வரையும் ஓவியரும், கேடென்லைவில் காணொளி வெட்டும் மாணவரும் பயன்படுத்துவது கேடிஇ வளர்த்த மென்பொருள்களைத்தான், சிமேக்கில் கட்டப்பட்டவை.

கேடிஇ எதன் மேல் நிற்கிறதோ அந்த கியூட்டுக்குத் தனியாக க்யூமேக் என்ற கருவி இருந்தது. அதன் இடத்துக்கு க்யூபிஎஸ் என்ற நவீன கருவியையும் கியூட் நிறுவனம் பல ஆண்டுகள் வளர்த்தது. 2018 அக்டோபரில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. க்யூபிஎஸ்ஸின் வடிவமைப்பை மெச்சியவர்கள் நிறையப் பேர். கேட்டதற்குப் பதில் சொல்லவும் சேர்ந்து சுமக்கவும் வெளியே ஒரு பெரிய சமூகம்தான் அதற்கு அமையவில்லை. 2020 டிசம்பரில் வெளியான கியூட் 6.0 சிமேக்கில் கட்டப்பட்டது.

கேடிஇக்குப் போட்டியாகப் பிறந்த க்னோம், சிமேக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2012 கிறிஸ்துமஸ் விடுமுறையில் யுஸ்ஸி பாக்கனென் என்ற ஃபின்லாந்து நிரலாளர் எழுதத் தொடங்கிய மேசனை நோக்கி அது போனது. அடுத்த அத்தியாயம் அதைப் பற்றி.